அறுவை சிகிச்சைக் கட்டணம்: யார் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியுள்ள தனியார் மருத்துவமனை 2016ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து சிறிது தூரத்தில் டான் டோக் செங் அரசாங்க மருத்துவமனை. ஒரே குடல்வால் அறுவை சிகிச்சைதான். ஆனால் எந்த மருத்துவமனை, எந்த வகுப்புப் படுக்கை, கையில் இருப்பது எந்த அடையாள அட்டை என்பதைப் பொறுத்து ரசீது பல மடங்கு மாறும்.

குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையின் ‘சி’ வகுப்பில், குடும்ப வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். ‘ஏ’ வகுப்புக்கு மானியம் கிடையாது. நிரந்தரவாசிகளுக்கு மானியம் குறைவு, வேலை அனுமதிச் சீட்டில் இருப்போருக்கு அறவே இல்லை. மீதித் தொகைக்கு 1984ல் வந்த மெடிசேவ் சேமிப்பும், 2015 நவம்பர் முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் உள்ளடக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கைகொடுக்கும். அதற்கும் மேல் முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் உண்டு. மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவையாளரிடம் கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்காமல் கடன் வாங்குவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

“சென்னையில் செய்தால் மலிவு” என்று கிளம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தை எடுக்க முடியாது. 2010 முதல் மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட சில மருத்துவமனைகளில் மட்டும், நிபந்தனைகளுடன், அதைப் பயன்படுத்தலாம்.

வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் ஊழியர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுப்பது கட்டாயம். 2010 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்த வரம்பு, 2023 ஜூலை 1 முதல் 60,000 வெள்ளி ஆனது. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும்; அதற்கு மேல் நிறுவனம் 75 விழுக்காடு, முதலாளி 25 விழுக்காடு.

ரசீது 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 15,000 போக மீதம் 25,000. அதில் காப்புறுதி நிறுவனம் 18,750, முதலாளி 6,250. ஊழியரின் பங்கு? வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் ஊழியரின் முழுச் சம்மதத்துடன் எழுதியிருந்தால் மட்டுமே அவரிடம் ஒரு பங்கு கேட்கலாம். அதுவும் மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஆறு மாதத்திற்கு மேல் பிடிக்கவும் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முன்பு முதலாளி கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2025 ஜூலை முதல் வரும் காப்புறுதிகளில் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுகிறது.

இது இங்குள்ள கவலை மட்டுமல்ல. 2015ல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கையின்படி, அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் பணம் கட்டியே ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் தாங்க முடியாத செலவில் விழுகின்றனர். போக்குவரத்து, உணவு போன்ற செலவுகளால் மேலும் 4.8 கோடிப் பேர். படுக்கையில் கிடக்கும் நாளில் போகும் கூலியை ஊழியர்கள்தான் அறிவார்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இந்தக் காப்புறுதி எதுவும் போய்ச் சேராது. தமிழகத்தில் 2012ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. ரேஷன் அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை பெறலாம். நோய் வரும் முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.