பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது

ஆங்கிலக் கீபோர்டில் ஜே, கே, பி, ஓ, கடைசியாக அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவை வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் திரையில் 'தமிழ்' என்று விழும். அதே கோப்பைப் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான் மிஞ்சும். இந்தக் கண்கட்டு வித்தையை நம்பித்தான் தமிழ்நாட்டின் டி.டி.பி. தொழில் பல ஆண்டுகள் நடந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கவிதைத் தொகுப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே அதில்தான் தயாராகின. அதற்கு மேடையாக இருந்தது பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர்.

அந்த மென்பொருளுக்குத் தமிழ்நாட்டோடு பிறப்பில் எந்த உறவும் இல்லை. பால் பிரெய்னெர்ட் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் அமைப்புகள் செய்துகொடுத்த அடெக்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். அந்த வேலை போனதும், 1984ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆல்டஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெயர் வெனிஸ் நகரத்துப் பழைய அச்சக அதிபர் ஆல்டஸ் மனூஷியஸின் நினைவாக வைத்தது. 1985ல் மெக்கின்டாஷுக்காகப் பேஜ்மேக்கர் வந்தது. அதே ஆண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர் 6,995 டாலர். பிரிண்டருக்குள் இருந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அடோபி நிறுவனத்துடையது. 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற பெயரைச் சூட்டியவரும் பிரெய்னெர்ட்தான். நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ஜெராக்ஸ், லேமினேஷனுக்குப் பக்கத்தில் நிற்கும் டி.டி.பி. என்ற மூன்று எழுத்தின் பூர்வீகம் இதுதான்.

1987ல் விண்டோஸுக்கும் வந்த பிறகே பேஜ்மேக்கர் ஏழைக்கும் எட்டும் தூரத்துக்கு நெருங்கியது. அதற்கு முன் ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கம்பாசிட்டர்கள் செய்த வேலையை, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டரும் ஒரு சிறிய அறையில் செய்தன. ட்ரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து ஆஃப்செட் அச்சகத்தில் கொடுத்தால் போதும்.

ஆனால் தமிழ்? பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. தெரியாததுதான் வசதியாகப் போயிற்று. அதைப் பொறுத்தவரை ஆபரேட்டர் அடித்துக்கொண்டிருப்பது ஆங்கிலம். எழுத்தின் உருவம் மட்டும் கொஞ்சம் விசித்திரம், அவ்வளவே. எழுத்துரு செய்தவர்கள் 256 இடங்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியலுக்குள், கணினி தனக்கென்று வைத்துக்கொண்ட இடங்கள் போக மிச்சத்தில், தமிழின் 247 எழுத்துகளையும் எப்படியோ அடைத்தார்கள். கொம்பு, கால், புள்ளி தனித்தனி. தனி உருவம் கேட்கும் கு, கூ வரிசைக்கும் டி, டீக்கும் தனி இடம். எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதில் மட்டும் ஊருக்கொரு வழக்கு. பாமினிக்கு ஒரு வரிசை, புனேயின் மாடுலர் இன்ஃபோடெக் தந்த ஸ்ரீலிபிக்கு இன்னொன்று, வானவில்லுக்கு வேறொன்று. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் புரியாத கிறுக்கலாகக் கிடக்கும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க இதைவிடப் பெரிய பூட்டு வேண்டுமா?

விசைகளின் அமைப்பு டைப்ரைட்டரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ரா. முத்தையா தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கிய நாளிலிருந்து தட்டச்சுப் பள்ளிகளில் விரல்கள் பழகிய வழி அது. நடுவரிசையில் இடது கையை வைத்தால் ய, ள, ன, க, ப. லோயர், ஹையர் தேர்வு எழுதிய பெண்களும் பையன்களும் அப்படியே டி.டி.பி. நாற்காலிக்கு வந்தார்கள். டைப்ரைட்டரில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. கண் பார்க்கும் வரிசையே கை அடிக்கும் வரிசை. 1999ல் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்தது. அதை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டேம், டேப் என்ற குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. அறிவியல் முறையில் அமைந்த நல்ல விசைப்பலகைதான். ஆனால் மணிக்கு இத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற விரல்களிடம் போய் அறிவியல் பேச முடியாது.

ஒரு நாள் முழுக்க அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பேஜ்மேக்கர் மீதிருந்த பாசம் புரியும். தாளுக்கு வெளியே திரையில் மேசை போல வெற்றிடம். அதில் பிள்ளையார், குத்துவிளக்கு, பழைய விளம்பரத்தின் பார்டர் எல்லாம் சிதறிக் கிடக்கும். வேண்டியதை இழுத்து ஒட்டலாம். கல்யாணப் பத்திரிகை என்றால் வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணே, பெரியப்பா பேரு சித்தப்பா பேருக்கு மேல வரணும், இல்லன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாரு" என்பார். பெரியப்பா மேலே போவார். தவறிப்போய் எதையாவது அழித்துவிட்டால் ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வரை அதுதான் நிலை. அதனால் இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிப்பது ஆபரேட்டர்களுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது.

1994ல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 1999ல் அதே அடோபி, பக்கம் அமைக்க இன்டிசைன் என்ற புதிய மென்பொருளை இறக்கியது. 2001ல் பேஜ்மேக்கர் 7.0 வந்தது, 2004ல் இனி புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் இன்டிசைனுக்குப் போனார்கள். தமிழ்க் கடைகள் போகவில்லை. சோம்பல் என்றும், திருட்டு சி.டி. பழக்கம் என்றும் சொல்வார்கள். இரண்டாவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முக்கியக் காரணம் வேறு. புதிய மென்பொருளுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். அந்தச் செலவைச் செய்தாலும் தமிழுக்கு அதனால் லாபமில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளுவது மென்பொருளின் வேலை. பல ஆண்டுகள் இன்டிசைன் அதைச் செய்யவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும். உலகம் முழுக்க விற்கிற நிறுவனம், கோடிக்கணக்கான பேர் படிக்கிற ஒரு எழுத்தை இவ்வளவு காலம் கண்டுகொள்ளாமல் இருந்தது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

இந்திய மொழிகளுக்கு முறையான வசதி 2012ல், சிஎஸ்6 பதிப்பில் வந்தது. அந்தப் பதிப்பே ஒரு விசித்திரமான வாசல். தமிழை ஒழுங்காகக் கோக்கக் கற்றுக்கொண்ட அதுதான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும். மொத்தமாகப் பணம் கொடுத்துச் சொந்தமாக வாங்க முடிந்த கடைசி இன்டிசைனும் அதுவே. 2013ல் அடோபி மாதச் சந்தாவுக்கு மாறியது. ஆடி மாதத்தில் கல்யாண வேலை இல்லாமல் கடை ஈயாடும். சந்தாவுக்கு ஆடி, ஆவணி தெரியாது. ஒருமுறை வாங்கிய மெஷினைப் பத்து வருஷம் ஓட்டிப் பழகிய தொழில், மென்பொருளுக்கு வாடகை என்றதும் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

இதற்கிடையில் 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. எழுத்தாளர்கள் படைப்புகளை யூனிகோடில் மின்னஞ்சல் அனுப்ப, கடைகள் அதைக் கன்வெர்ட்டரில் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கரில் கோத்தன. பழைய புத்தகங்கள் எதிர்த்திசையில் யூனிகோடுக்கு வந்தன. அந்தப் பயணத்தில் ஒரு பிழை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. டைப்ரைட்டரில் 'மௌ' அடிக்கக் கொம்பு, ம, அதன் பிறகு சாதாரண ள. ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது; ள போலவே இருப்பதால் அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடிலோ மௌனம் வேறு, மெளனம் வேறு. முதலாவதில் மூன்றெழுத்து, இரண்டாவதில் நான்கு. கன்வெர்ட்டருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. இன்றும் இணையத்தில் கௌரவமும் கெளரவமும் அருகருகே கிடக்கின்றன. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகும்.