கப்பல் டிக்கெட்டும் பென்ஷனும்

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே வருஷக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. அடுத்த சில வருஷங்களில் மலாயாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழர்கள். மேலே மலையில் காடு வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தது. கீழே சமவெளியில் அதே ஆட்களைக் கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நம் தோட்ட வரலாற்றைச் சொல்கிறவர்கள் 'வந்த' கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அனுப்பப்பட்ட கதைக்கு ஆள் குறைவு.

திருப்பி அனுப்பும் ஏற்பாடு விலைவீழ்ச்சிக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு குடியேற்ற நிதி உருவாக்கினார்கள். ஆள் பிடிக்க, கப்பல் கட்டணம் கட்ட, கொள்ளைநோய் முகாமில் வைத்துச் சோறு போட அந்தப் பணம் செலவானது. உடம்பு முடியாமல் போனவரைத் திருப்பி அனுப்பவும் அதே பெட்டியிலிருந்துதான் எடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரு மனிதன் வருவதற்கும், தேய்ந்துபோய்த் திரும்புவதற்கும் ஒரே கணக்கு. அந்தக் காலத்து ஆங்கில அறிக்கைகளில் இவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. 'தளர்ந்து சிதைந்தவர்' என்று தமிழாக்கலாம். பழைய கட்டடத்துக்கும் அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள்.

இதே காலத்தில் மலாயாவிலிருந்து ஊர் திரும்பிய இன்னொரு தமிழர் கூட்டமும் உண்டு. ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸ்களிலும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்கள். வயதானாலும் சரி, மெடிக்கல் போர்டு 'இனி முடியாது' என்று எழுதிக் கொடுத்தாலும் சரி, மாதாமாதம் பணம் அவர்களைத் தேடி யாழ்ப்பாணம் போனது. 'மலாயன் பென்ஷனியர்' என்பது அங்கே ஒரு தனிச் சாதி மாதிரி. கல்வீடு, மகளுக்குச் சீதனம், கோயில் திருப்பணியில் முன்வரிசை எல்லாம் அந்தப் பணத்தில் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் காழ்ப்பு ஒன்றும் இல்லை, உழைத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் ஒரே மொழி பேசிய இரண்டு பேரில் ஒருவருக்குப் பென்ஷன், இன்னொருவருக்குக் கப்பல் டிக்கெட். இரண்டையும் பிரித்தது சட்டம்: பென்ஷனுக்குரிய பதவிகளின் பட்டியலில் உங்கள் வேலை இருக்க வேண்டும். ரோடு போட்ட நாள்கூலித் தமிழன் வேலை பார்த்ததும் அரசாங்கத்துக்குத்தான். ஆனால் அவன் அந்தப் பட்டியலில் இல்லை.

1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு புதிய ஆள் வரத்து நின்றது, இருக்கிறவர்கள் இங்கேயே கிழடானார்கள். போருக்குப் பின்தான் சட்டங்கள் மெல்ல வந்தன. 1951-இல் ஊழியர் சேமநிதி, 1952-இல் தொழிலாளர் இழப்பீடு. இரண்டாவது, பெரும்பாலும் விபத்துக்கு. கையோ காலோ போனால் அது எத்தனை சதவீதம் என்று அட்டவணையைப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். சறுக்கலான மலைச்சரிவில் முப்பது வருஷம் முதுகில் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்தால், அது விபத்து இல்லையே! அட்டவணையில் அதற்கு ஒரு வரி கிடையாது. சேமநிதியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்தான். நாள்சம்பளத்தில் சேர்ந்தது எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

அந்த முழங்காலுக்கு முதலில் பெயர் வைத்தது 1969-ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். 1971-இல் நடைமுறைக்கு வந்தது. நாம் இன்றும் 'சொக்சோ' என்கிறோம், மலாயில் பெர்கேசோ. அதன் இரண்டு திட்டங்களில் ஒன்றுதான் 'பென்சென் இலாட்', அதாவது இயலாமை ஓய்வூதியம். விபத்து நடந்திருக்க வேண்டியதில்லை. நோயாலோ உடல்தேய்வாலோ, வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இனிச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் போதும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பென்ஷன் சட்டப்படி, உடம்பு முடியாமல் கட்டாய ஓய்வு பெறும் அரசு ஊழியருக்கு, பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அறுநூறில் ஒரு பங்கு. 25 வருஷம் என்றால் 300 மாதம், பாதிச் சம்பளம். சொக்சோவில் தொடக்கமே 50 சதவீதம். முதல் 24 மாதச் சந்தாவுக்கு மேல் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு சதவீதம் கூடும், உச்சவரம்பு 65. அதே 25 வருஷம் சந்தா கட்டிய தோட்டத் தொழிலாளி உச்சத்தைத் தொட்டுவிடுவார். ஆக, தாளில் தோட்டக்காரருக்குத்தான் சதவீதம் அதிகம்! எதன்மேல் அந்தச் சதவீதம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளம்; சம்பளப் படியில் ஏறி வந்து நிற்கும் உச்சி அது. தொழிலாளிக்கோ இயலாமைக்கு முந்தைய 24 மாதச் சராசரி. உடம்பு தளரத் தளரக் கிலோ குறையும், எம்.சி. கூடும், செக்ரோலில் பேர் விழாத நாள் பெருகும். ஆஸ்பத்திரிக்கு அலைந்த அந்த இரண்டு வருஷத்தைத்தான் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நோய் தன் பென்ஷனைத் தானே குறைத்துவிடுகிறது.

வயது இன்னொரு கதவு. 2013 வரை 55-ஐத் தாண்டிவிட்டால் இலாட் கேட்க முடியாது, பிறகுதான் அது 60 ஆனது. ஓய்ந்த அரசு ஊழியருக்குப் பணிக்கொடையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியமும் சேர்ந்து வரும். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். அதனால்தான் அப்பாவுக்கு முடியாமல் போனதும் பள்ளியை விட்டு மகனோ மகளோ பெரட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டைக் காப்பாற்ற இருந்த வழி அதுதான். 'கவர்மெண்டு வேலை'க்கு, அது பியூன் வேலையாகவே இருந்தாலும், தோட்டத்து அம்மாக்கள் அப்படி ஏங்கியதற்கு அந்தஸ்து மட்டும் காரணம் இல்லை.

ஆனால் அந்த வேலையின் பென்ஷனும் பாறையில் கட்டியதில்லை. ஓய்வூதியம் எந்த அதிகாரிக்கும் முழு உரிமை ஆகாது என்று காலனி காலத்து வாசகம் 1980-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2024-இல் புதிதாக அரசு வேலையில் சேருகிறவர்களுக்குப் பென்ஷனுக்குப் பதில் சேமநிதியும் சொக்சோவும் என்று அறிவித்தார்கள். கிராணியின் பேரனும் கூலியின் பேத்தியும் கடைசியில் ஒரே கவுண்டரில் வரிசை நிற்கப்போகிறார்கள்.

ரிங்லெட்டுக்கு மேலே இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கூடைக்குப் பதில் கத்தரியும் இயந்திரமும். 1993-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சொக்சோவிலிருந்து எடுத்து, பழைய 1952 சட்டத்தின் மொத்தத்தொகைக்கே திருப்பி அனுப்பினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2019 ஜனவரியில், வேலையிடக் காயத் திட்டத்தில் மீண்டும் சேர்த்தார்கள். இலாட்டை அப்போதும் கொடுக்கவில்லை. முழங்கால் தேய்ந்தால் அவர்களுக்குக் கிடைத்தது ஊருக்கு ஒரு விமான டிக்கெட்.