ரெண்டு பேருக்கு ஒரு ரூம்

ஜனவரி மாதம், லீவு முடிந்து ஆபீஸ் திறந்த முதல் திங்கட்கிழமை. என் டீமில் இருக்கும் தம்பி ஒருத்தன் டீ பிரேக்கில் சுரத்தே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். "மலைக்குப் போறேன்னு சொன்னியே, என்னாச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.)

அவன் தன்பாலீர்ப்பாளன். டீமில் எங்களில் சிலருக்கு அது தெரியும். அவனும் அவன் இணையரும் ஆப்பில் டபுள் பெட் ரூம் புக் செய்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அந்த ஓட்டல் ரிசப்ஷனில் ரெண்டு ஆதார் கார்டை நீட்டியிருக்கிறார்கள். மேனேஜர் பார்த்துவிட்டு, "தனித்தனி கட்டில் இருக்குற ரூம் தர்றேன்" என்றிருக்கிறார். "வேணாம் சார், புக் பண்ணதே போதும்." "நீங்க ஃபிரெண்ட்ஸா?" நாள் முழுக்கப் பயணம் செய்த அசதியோ என்னவோ, இணையர் "இல்லை" என்று சொல்லிவிட்டார். "இது ஃபேமிலி ஓட்டல் தம்பி." பணம் திரும்ப வந்துவிட்டது. ரெண்டு பேரும் விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம ஊர்ல ரெண்டு ஆம்பளைங்க ரூம் எடுத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களேடா?" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஃபிரெண்ட்ஸ்னு நடிக்கிற வரைக்கும் கேக்க மாட்டாங்கண்ணா" என்றான்.

பிறகு தன் போனில் ஒரு பட்டியலைக் காட்டினான். நண்பர்களுக்குள் மட்டும் சுற்றும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஊர், தங்குமிடம், பக்கத்தில் ஒற்றை எழுத்துக் குறிகள். ஒரு குறிக்கு "கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று அர்த்தம். இன்னொன்றுக்கு "ரெண்டு கட்டில் கேட்டு வாங்கு". மூன்றாவதற்குப் "போகவே போகாதே".

பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே போல ஒரு பட்டியலை, இதே போன்ற குறிகளோடு, நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அது 1965-ல் அச்சானது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அதற்கு முன் அமெரிக்காவில் நிலைமை என்ன என்று பார்த்துவிடலாம். 1960 வரை எல்லா மாநிலங்களிலும் தன்பாலுறவு குற்றம். இல்லினாய் மாநிலம்தான் முதலில் அந்தச் சட்டத்தை விலக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஜனவரியில். 1953-ல் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை ஒன்றைக் காரணம் காட்டி, தன்பாலீர்ப்பாளர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அரசு வேலையிலிருந்தே நீக்கினார்கள். பார்களில் போலீஸ் ரெய்டு வருவது சர்வசாதாரணம். பிடிபட்டவர்களின் பெயர்கள் மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் வருவதும் உண்டு. வேலை, வீடு, சொந்தபந்தம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். இந்தச் சூழலில் தெரியாத ஊருக்குப் போகும் ஒருவர் எங்கே தங்குவார், யாரிடம் கேட்பார்?

வாய்வழியாகப் பரவிய சேதிதான் ஒரே வழி. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒய்.எம்.சி.ஏ.வே இதற்கு நல்ல உதாரணம். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வரும் இளைஞர்கள் கெட்டுப்போகாமல் இருக்க, கிறிஸ்தவ ஒழுக்கத்தோடு நடத்தப்பட்ட விடுதிகள் அவை. ஆண்களுக்கு மட்டும் குறைந்த வாடகையில் அறை கிடைக்கும். கேள்வி கிடையாது. நியூயார்க்கில் 34-ஆம் தெருவில் 1930-ல் திறந்த ஸ்லோன் ஹவுஸ் ஒய்.எம்.சி.ஏ.வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. ஊருக்குப் புதிதாக வரும் தன்பாலீர்ப்பாளர்கள் அங்கே போனால் தங்களைப் போன்றவர்களைச் சந்திக்கலாம் என்ற சேதி எங்கெங்கோ பரவியிருந்ததை, வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சான்சி 'கே நியூயார்க்' என்ற தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். 1978-ல் வில்லேஜ் பீப்பிள் குழு பாடிப் பிரபலமான 'ஒய்.எம்.சி.ஏ.' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஊர்ப் பள்ளி ஆண்டு விழாக்களில்கூடக் கையைத் தூக்கி ஆடுவார்களே, அதேதான். அந்தப் பாட்டைப் பலர் இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் கேட்டார்கள்.

வாய்வழிச் சேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கேட்க உங்களுக்கு ஏற்கெனவே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இதே சிக்கலை வேறொரு சமூகம் முன்பே சந்தித்திருந்தது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர், நியூயார்க் ஹார்லெம் பகுதியில் வசித்தவர், 1936-ல் 'நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்' என்ற கையேட்டைத் தொடங்கினார். கார் வாங்கிவிட்ட கறுப்பினக் குடும்பம் நெடுஞ்சாலையில் எங்கே சாப்பிடலாம், எந்த வீட்டில் ராத்தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல் அது. இருட்டுவதற்குள் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்று விதி வைத்திருந்த ஊர்கள் இருந்த காலம், ஆகவே இதில் உயிர்ப் பிரச்சினையும் உண்டு. எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகளில் இந்தப் புத்தகம் கிடைத்தது. இது தேவைப்படாத நாள் ஒன்று வரும் என்று புத்தகத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அந்த நாள் ஓரளவுக்கு வரவும் செய்தது. 1964-ன் சிவில் உரிமைச் சட்டம், ஓட்டல்களும் உணவகங்களும் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. அடுத்த ரெண்டு வருஷத்தில் கிரீன் புக் நின்றுபோனது. அந்தச் சட்டத்தின் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பாலீர்ப்பு அதில் இல்லை.

அதற்கு மறுவருஷம், 1965-ல், சான் ஃபிரான்சிஸ்கோவில் பார் நடத்திக்கொண்டிருந்த பாப் டேம்ரன் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சட்டைப் பையில் அடங்கும் அளவு. அட்டையில் 'பாப் டேம்ரனின் முகவரிப் புத்தகம்' என்ற தலைப்பு, அவ்வளவுதான். தற்செயலாகக் கீழே விழுந்தாலும், யாருடைய போன் நம்பர்களோ என்றுதான் தோன்றும். உள்ளே மாநில வாரியாக, ஊர் வாரியாக பார்கள், ஓட்டல்கள், உணவகங்கள். இதற்கு முன்பும் இப்படிச் சில பட்டியல்கள் சின்ன அளவில் வந்திருக்கின்றன. ஆனால் வருஷா வருஷம் புதுப்பித்து, பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது இதுதான். டேம்ரன் தானே ஊர் ஊராகப் பயணம் செய்து தகவல் சேகரித்தார்.

அச்சடிக்க முடிந்ததற்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. 'ஒன்' என்ற தன்பாலீர்ப்பாளர் பத்திரிகையின் 1954 அக்டோபர் இதழை, ஆபாசம் என்று சொல்லி லாஸ் ஏஞ்சலஸ் தபால்துறை நிறுத்திவைத்தது. பத்திரிகை வழக்குப் போட்டு, கீழ்நீதிமன்றங்களில் தோற்று, கடைசியில் 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. தன்பாலீர்ப்பு பற்றிய எழுத்து என்பதற்காகவே அது ஆபாசமாகிவிடாது என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. இப்படி ஒரு கையேட்டை விற்கும் துணிச்சல் ஒருவருக்கு வந்ததற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

டேம்ரன் புத்தகத்தின் பழைய பதிப்புகளை 'மேப்பிங் த கே கைட்ஸ்' என்ற திட்டத்தில் வரலாற்று ஆய்வாளர்கள் தரவாக மாற்றி, வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு என்பதால், அங்கே போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் குறியீடுகள். நட்சத்திரம் போட்டிருந்தால் கூட்டம் வரும் பிரபலமான இடம். 'டி' என்றால் நடனம். 'ஜி' என்றால் பெண்களும் வருவார்கள். 'பி' என்றால் கறுப்பினத்தவர் வருவார்கள். பின்னாளில் ரொம்பப் பிரபலமான ஒரு குறி 'ஏ.ஒய்.ஓ.ஆர்.' போனால் உன் சொந்தப் பொறுப்பில் போ, போலீஸோ அடிதடியோ வரலாம் என்று அர்த்தம்.

என் தம்பியின் ஸ்ப்ரெட்ஷீட்டில் இருந்த மூன்றாவது குறி இதேதான். அவன் டேம்ரனைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒரே பிரச்சினை, கிட்டத்தட்ட ஒரே டேட்டா ஸ்ட்ரக்சர்.

இந்தக் குறிகள் இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கின்றன. 'பி', 'ஜி' என்று தனியாகக் குறிக்க வேண்டியிருந்தது என்றால், குறி எதுவும் இல்லாத இடம் யாருக்கானது? பெரும்பாலும் வெள்ளை ஆண்களுக்கானது. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிக்கொண்ட இடத்திலும் ஒரு ஒதுக்கல் உண்டு. நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஃபயர் ஐலண்டில் செர்ரி குரோவ், பைன்ஸ் என்று அடுத்தடுத்து ரெண்டு குடியிருப்புகள். ரெண்டுமே தன்பாலீர்ப்பாளர்கள் விடுமுறைக்குப் போகும் இடங்கள். 1976-ல் குரோவைச் சேர்ந்த டெர்ரி வாரன் பெண் உடையில் பைன்ஸின் ப்ளூ வேல் உணவகத்துக்குப் போனார். அவருக்குப் பரிமாற மறுத்துவிட்டார்கள். சேதி கேட்ட குரோவ்காரர்கள், ஜூலை 4 அன்று ஒரு படகு நிறையப் பெண் வேடம் போட்டுக்கொண்டு பைன்ஸ் துறையில் போய் இறங்கினார்கள். அதை இன்றும் வருஷா வருஷம் ஜூலை 4 அன்று திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆக, நட்பான இடம் என்பது ஓட்டல்காரரின் மனசைப் பொறுத்தது. அவர் மனசு மாறினால், அல்லது ஓட்டல் கை மாறினால், குறியும் மாறிவிடும். இந்த இடத்தில்தான் சட்டம் வருகிறது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு, என் தம்பியின் கதையை அப்படியே பிரதி எடுத்தது போல இருக்கும். 2008-ல், சட்டப்படி பதிவு செய்துகொண்ட ரெண்டு ஆண் இணையர்கள் கார்ன்வாலில் ஒரு விடுதியில் டபுள் பெட் ரூம் புக் செய்துவிட்டுப் போனார்கள். கல்யாணமான ஆண்-பெண் தம்பதிக்குத்தான் டபுள் பெட் ரூம் தருவோம், அது எங்கள் மத நம்பிக்கை என்று சொல்லி, உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். 2011-ல் நீதிமன்றம் ஆளுக்கு 1,800 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் உரிமையாளர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உங்கள் நம்பிக்கை உங்களோடு இருக்கட்டும், ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே கதவைத் திறந்துவிட்டு ஆள் பார்த்துச் சாத்த முடியாது என்பதுதான் அதன் சாரம்.

நம் ஊருக்கு வருவோம். ஆங்கிலேயர் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை, 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பவும் நிலைநிறுத்தியது. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர்களைப் பாருங்கள். 2016-ல் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹரோடு சேர்ந்து மனு போட்டவர்களில் ஒருவர் அமன் நாத். ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையை ஓட்டலாக மாற்றிய நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 2018-ல் தனியாக மனு போட்ட கேஷவ் சூரி, லலித் ஓட்டல் குழுமத்தை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊருக்கெல்லாம் ரூம் கொடுப்பவர்களே, தங்கள் வாழ்க்கை குற்றமில்லை என்று நிரூபிக்கக் கோர்ட் ஏற வேண்டியிருந்தது!

நம் அரசியல் சாசனத்தின் 15-ஆவது கூறில் ஓட்டல் என்ற வார்த்தையே இருக்கிறது தெரியுமா? கடை, உணவகம், ஓட்டல் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஏன் அப்படி எழுதினார்கள் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். இங்கே ஓட்டல் வாசல் சாதி பார்த்த வாசல். சாசனம் வந்த பிறகும் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' இருந்தது. 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் போராட்டம் நடத்தியதும் அதற்காகத்தான். 'பால்' என்ற சொல் பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்று 2018 தீர்ப்பிலேயே சில நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ரிசப்ஷனில் நிற்கும் மேனேஜரிடம் காட்டுவதற்கு, கார்ன்வால் இணையருக்கு இருந்தது போலத் தெளிவான ஒரு சட்டம் இங்கே இல்லை. 2019-ன் சட்டம் திருநர்களுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பைத் தருகிறது. தன்பாலீர்ப்பு இணையர்கள் அதில் வரமாட்டார்கள். குற்றவாளி இல்லை என்றாகிவிட்டது, விருந்தாளி என்று இன்னும் ஆகவில்லை.

சுற்றுலா விளம்பரங்களில் "எல்லோரையும் வரவேற்கிறோம்" என்று வானவில் கொடி போடுவதை முன்பெல்லாம் வெறும் மார்க்கெட்டிங் என்று நினைத்துக் கடந்துபோவேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அந்தக் கொடியைத் தேடிப் பார்த்து புக் செய்பவனுக்கு, கொடி இல்லாத கதவுகளின் கதை தெரியும். நாற்பத்தைந்து வயது வரை எத்தனையோ லாட்ஜில் தங்கியிருக்கிறேன். ரிசப்ஷனில் என்னிடம் யாரும் உறவுமுறை கேட்டதில்லை. அதனாலேயே இப்படி ஒரு பட்டியல் இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

டேம்ரன் கதையைத் தம்பியிடம் சொன்னபோது, அவன் கேட்ட ஒரே கேள்வி, "அவர் ஏண்ணா வருஷா வருஷம் புதுசா போட்டார்?" என்பதுதான். இடங்கள் மூடும், ஆள் மாறும், போன வருஷம் சரியாக இருந்த முகவரி இந்த வருஷம் ஒருவரை ரோட்டில் நிறுத்திவிடும் என்றேன். அன்றைக்கே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு காலம் சேர்த்தோம். 'கடைசியாகப் போய்ப் பார்த்த தேதி.' இதுவரை அதில் பதினோரு வரிகள் நிரம்பியிருக்கின்றன.