பாவையும் அவதாரமும்

பிறிதோர் உருவைத் தன்மேல் ஏற்று ஆடுதல் தமிழர் கூத்து மரபுக்குப் புதியதன்று. ஆயின், ஆடுவோன் ஒரு நாட்டில் இருக்க, அவனுடைய உருவம் எந்த நாட்டிலும் இல்லாத ஓர் அரங்கில் ஆடுதல் இந்த நூற்றாண்டிலே பெருகிய புதுமையாகும். கணினி வலையால் இணைந்தோர் பலர் ஒருங்கே புகுந்து உலாவத்தக்க கற்பனை உலகங்கள் இன்று பல உள. அவற்றினுள்ளே ஒருவருக்குப் பதிலாக நின்று நடமாடும் உருவத்துக்கு ‘அவதாரம்’ என்னும் வடசொல்லே உலகெங்கும் பெயராயிற்று. அவ்வுருவங்கள் ஆடும் ஆட்டத்தின் வரலாற்றையும், அது நம் கூத்து மரபின் முன் வைக்கும் வினாவையும் ஈண்டு நோக்குவாம்.

அவதாரம் என்னுஞ் சொல் இறங்கி வருதலைக் குறிப்பது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தார் அமைத்த ‘ஹபிடாட்’ என்னும் விளையாட்டில் இச்சொல் விளையாடுவோரின் திரையுருவைக் குறித்தது. 1992இல் வெளிவந்த நீல் ஸ்டீபன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ என்னும் நாவல் அவ்வழக்கைப் பரப்பிற்று. புராணத்தில் இறைவன் மண்ணுலகுக்கு இறங்கினான். இங்கோ மனிதன் தான் வரைந்த படத்தினுள் இறங்குகின்றான்.

உருவேற்று ஆடும் வழக்குக்குத் தமிழிலே தொன்மையான சான்று சிலப்பதிகாரம். புகார் நகரத்து இந்திர விழாவில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களைக் கடலாடு காதை வகுத்துரைக்கின்றது. சிவன், மாயோன், முருகன், கொற்றவை முதலிய தெய்வங்கள் ஆடியவற்றை அவள் ஒருத்தியே அவ்வவர் கோலம் பூண்டு ஆடினாள். அவற்றுள் பாவை என்பது, போர்க்கோலம் பூண்ட அவுணர் மயங்கி விழுமாறு திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடியதாகும். திருமகள் பாவையாகின்றாள், மாதவி அத்திருமகளாகின்றாள். ஓர் ஆட்டத்தில் உருவத்தின் மேல் உருவம் ஏறும் இந்நுட்பத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிருள்ளதுபோற் காட்டும் கலை திருவள்ளுவருக்கும் உவமையாயிற்று. ஈழத்தில் அம்பலாங்கொடைப் பகுதியிற் சிறந்து விளங்கிய சிங்கள நூற்பாவை நாடகமான ‘ரூகட நாட்டிய’ 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. திரைக்கு அப்பால் ஒருவன் மறைந்து நிற்க, திரைக்கு இப்பால் ஓருருவம் ஆடும் இம்முறையே இன்றைய அவதார ஆட்டத்துக்கு மிக நெருங்கிய முன்னோடியாகும்.

கணினி இத்துறையிற் புகுந்தது 1960களில். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மைக்கேல் நோல் என்பார் 1965இல் கோட்டுருவங்கள் ஆடும் ஒரு சிறு பாலேப் படத்தைக் கணினியால் ஆக்கினார். பின்னர் 1999இல் மேர்ஸ் கனிங்காம் என்னும் நடன ஆசிரியர் ‘பைபெட்’ என்ற ஆடலை அரங்கேற்றினார். ஆடுவோர் உடலிற் சிறு குறிகளை ஒட்டி, அவற்றின் அசைவைக் கணினியிற் பதிந்து, அப்பதிவிலிருந்து ஒளியுருவங்களை ஆக்கி, மேடையிலே மெய்யான ஆடுநரோடு அவற்றையும் ஆடவிட்டனர். ஆடியவனை விட்டு ஆட்டம் மட்டும் தனியே பிரிந்து நிற்கும் நிலை இதனால் தெளிவாயிற்று.

2003இல் ‘செக்கண்ட் லைஃப்’ என்னும் கற்பனை உலகம் தோன்றியது. 2006இல் அதனுள்ளே ஒரு பாலேக் குழு அமைந்தது. பின்னர் அது ‘பாலே பிக்செல்’ எனப் பெயர் பெற்றது. வெவ்வேறு நாடுகளில் இருந்தோர் தத்தம் அவதாரங்களை ஒரே மேடையில் ஆடச் செய்தனர். ஒவ்வோர் அசைவும் முன்னரே ஆக்கி வைக்கப்பட்டிருக்க, உரிய கணத்தில் அதனை ஏவுதல் ஆடுநர் கடமை. செய்தி வலைவழிச் செல்லும் காலத் தாமதமே அவர்களுக்குப் பெரும் பகை. நம் மேடையில் நட்டுவனாரின் தாளத்துக்கும் அடிக்கும் இடையே அணுவளவும் பிசகலாகாது என்பர். அங்கோ அத்தாமதத்தையும் கணக்கிட்டே ஆட வேண்டும்.

2020 ஏப்ரலில், கொள்ளை நோயால் உலகம் வீட்டினுள் முடங்கியிருந்த வேளை, ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டினுள் ட்ரவிஸ் ஸ்கொட் என்னும் பாடகரின் பேருருவம் தோன்றி நிகழ்ச்சி நடாத்திற்று. ஒரே நேரத்தில் 1 கோடியே 23 இலட்சம் பேர் அதிற் கலந்துகொண்டனர் என அதனை நடாத்தியோர் அறிவித்தனர். அங்கே பார்ப்போரும் அவதாரங்களே, அவர்களும் ஆடினர்.

அவ்விளையாட்டில் ஆட்டங்கள் சிறு துண்டுகளாக விலைக்கு விற்கப்படுகின்றன. இங்கேதான் வழக்கு எழுந்தது. கைல் ஹனகாமி என்னும் நடன ஆசிரியர் தம் ஆடலின் ஒரு பகுதி அவ்வாறு எடுக்கப்பட்டதென 2022இல் வழக்கிட்டார். கீழ்மன்று அதனைத் தள்ளியது. 2023 நவம்பரில் அமெரிக்க மேன்முறையீட்டு மன்று அத்தீர்ப்பை மாற்றியது. நடனம் வெறும் நிலைகளின் தொகுதி மட்டுமன்று என்பது அதன் கருத்து. அடவுகள் பலர்க்கும் பொதுவாயினும் அவற்றைக் கோத்த கோவை ஆசிரியனுடையது என்பதை நம் நட்டுவனார் எவரும் எளிதில் உணர்வர்.

இனி மலைநாட்டை நோக்குவாம். நாவலப்பிட்டி முதலான ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்களுக்குக் காமன் கூத்து உயிரான கலை. மாசி மாதத்திற் கம்பம் நட்டு, நோன்பிருந்து, தப்பின் ஒலிக்கு இரதியும் மன்மதனும் ஆடுவர். இரதி வேடத்தையும் ஆடவரே பூணுதல் மரபு. பகலிற் கொழுந்து மலையில் உழைப்பவன் இரவிலே காமனாகின்றான். சிலம்பு கூறும் பதினோர் ஆடல்களுட் பேடி என்பதும் காமன் ஆடியதே. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த முன்னோர் இக்கூத்தை ஏட்டிற் கொண்டு வந்தாரல்லர். தம் காலிலும் கையிலும் கொண்டு வந்தனர். உடல் சென்ற இடமெல்லாம் ஆட்டமும் சென்றது.

இன்றோ உடல் செல்லாத இடத்துக்கும் ஆட்டம் செல்லும். மலைநாட்டிலிருந்து தொலைதேசம் சென்றோர் தம் ஊர்க் கூத்தில் அவதாரமாய்க் கலந்துகொள்ளத் தடையில்லை. முதிய கூத்தர் ஒருவரின் அடிவைப்பு அவர்க்குப் பின்னும் நிலைபெறும். இது பெரும் பேறு. ஆயினும், பதிவு நிற்கப் பெயர் அழிந்துபோமாயின், அந்த ஆட்டம் எவருடையதுமல்லாத சரக்காகும். நகர நடன ஆசிரியர்க்கு மன்றேறி வழக்கிடும் வாய்ப்புண்டு. எழுதா மரபினராகிய தோட்டத்துக் கூத்து வாத்தியார்க்கு அதுவும் அரிது.

ஆதலின், கூத்தைப் படமாகவோ அசைவாகவோ பதிவோர் எவராயினும், ஆடியவர் பெயரையும், பயிற்றியவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் உடன் பதிதல் முதற் கடமையாகும். மாதவி ஆடியதை இளங்கோவடிகள் பெயர் சுட்டி எழுதினமையாலன்றோ அவ்வாட்டம் இன்றும் அவளுடையதாய் நிற்கின்றது!