ஒன்றும் இல்லையே, மாத்திரையை நிறுத்திடலாமா? - சி.எம்.எல் ரத்தப் புற்றுநோயும் சில சந்தேகங்களும்

``உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு மாத்திரை?"

சி.எம்.எல் எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால், பதிலை நீங்களே முடிவு செய்துடாதீங்க.

9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொள்வதால் உருவாகும் ஒரு மரபணுதான் இந்த நோய்க்குக் காரணம். வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும். இது பரம்பரையாக வருவதல்ல என்பதால், `பிள்ளைகளுக்கும் வந்துடுமோ' என்ற பயம் வேண்டாம்.

2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் மாத்திரை, இந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது. முன்பு சில வருடங்கள் என்றிருந்த ஆயுள், ஆரம்பகட்டத்திலேயே கண்டறியப்பட்டு சிகிச்சை நன்றாகப் பலனளிப்பவர்களுக்கு இன்று கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே இருக்கிறது. 2013-ல் இதற்கான காப்புரிமை கோரிக்கையை நம் உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால், விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைகளும் தொடர்ந்து கிடைக்கின்றன.

சிகிச்சை இல்லாவிட்டால் மண்ணீரல் வீங்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். ரத்தசோகை, ரத்தக்கசிவு, தொற்று எனத் தொடரும். முற்றினால் `பிளாஸ்ட் கிரைசிஸ்' எனும் தீவிர நிலை. அங்கிருந்து மீட்பது ரொம்பக் கஷ்டம்.

மாத்திரைக்கும் பக்கவிளைவுகள் உண்டு. இமாடினிப் எடுப்பவர்களுக்குக் கண்களைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் வரலாம். சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் நிறைய தண்ணீருடன் எடுத்தால் குமட்டல் குறையும். டாசாடினிப் எடுப்பவர்களுக்கு மூச்சு வாங்கினால் உடனே டாக்டரிடம் போங்க. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுவது முக்கியம். கர்ப்பகாலத்தில் இந்த மாத்திரைகள் சிசுவைப் பாதிக்கலாம். (இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.)

சரி, நிறுத்தவே முடியாதா? சிலரால் முடியும். பல வருட சிகிச்சைக்குப் பின், பி.சி.ஆர் பரிசோதனையில் நோயின் அடையாளம் தொடர்ந்து மிக மிகக் குறைவாகவே இருந்தால், டாக்டரே நிறுத்திப் பார்க்கலாம். அப்படி நிறுத்தியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள். அதனால்தான் அந்தக் காலத்தில் அடிக்கடி பரிசோதனை செய்கிறார்கள். உடனே கண்டுபிடித்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால், பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பவும் கட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது, `என் பி.சி.ஆர் அளவு எவ்வளவு?' என்று கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. நடுவில் மாத்திரை விட்டுப்போன நாள்கள் இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிடுங்க.