நத்தையை வேலைக்கு வைத்த வாரிங்டன்

பேத்தியின் மீன் தொட்டியில் நத்தை பெருகிவிட்டது. புதிதாக வாங்கிய செடியோடு ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்க மிளகைத் தூவிய மாதிரி ஆயிற்று. கடையில் கேட்டதற்கு ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அளவு பார்த்துத்தான் ஊற்றினேன். மறுநாள் காலையில் நத்தைகள் செத்துக் கிடந்தன. தண்ணீர் நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவள் ஆசையாக வளர்த்த நாலு குட்டி இறால்களும் போயின. பேத்தி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளில்தான், இந்த நத்தையை முதன்முதலில் தொட்டிக்குள் விட்டது யார் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

விட்டவர் லண்டனில் இருந்த ராபர்ட் வாரிங்டன். மருந்து செய்வோர் சங்கத்தில் ரசாயன நிபுணராக இருந்தவர். மீன் விடும் மூச்சுக்காற்றைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் தண்ணீரை மாற்றாமலே இரண்டும் பிழைக்க வேண்டுமே என்பது அவர் யோசனை. 1849 மே மாதம் 12 காலன், அதாவது சுமார் 55 லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் விட்டு, அடியில் மணலும் மண்ணும் கல்லும் போட்டு, நாடா போல நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியா செடியை நட்டு, இரண்டு சின்ன தங்க மீன்களை விட்டார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. நாமாக இருந்தால் கொட்டிக் கழுவியிருப்போம். வாரிங்டன் குளங்களைக் கவனித்தவர். அங்கே அழுகலை யார் தின்கிறார்கள்? ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து பாத்திரத்தில் விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. அதோடு நிற்கவில்லை. நத்தைகள் கூழ் போல முட்டையிட்டன. அந்த முட்டைகளை மீன்கள் தின்றன. மீனுக்குத் தீனி, நத்தைக்குக் கணக்கு, இரண்டும் ஒரே வேலையில் முடிந்தன. இதை 1850-ல் கட்டுரையாக எழுதி ரசாயனச் சங்கத்தின் முன் வைத்தார்.

ஆக, நத்தை தொட்டிக்குள் திருட்டுத்தனமாக வந்த விருந்தாளி அல்ல. துப்புரவு வேலைக்கென்று அழைத்து வரப்பட்டது. நம் வீட்டில் அது பெருகியதற்கு ஒரே காரணம், நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை அள்ளிப் போட்ட தீனி. மீன் தின்று மிஞ்சியதெல்லாம் அதற்குச் சாப்பாடு. தொட்டிகளில் வரும் இந்தச் சின்ன நத்தைகள் பலவற்றில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒற்றை நத்தையே தானாக முட்டையிட்டுக் குடும்பம் தொடங்கிவிடும். உணவு எவ்வளவோ அவ்வளவு நத்தை.

வாரிங்டனுக்கு முன்னாலேயே ஒரு பெண்மணி இதைச் செய்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனா தின் என்பவர் 1846-ல் டார்க்கி கடற்கரைக்குப் போனபோது உயிருள்ள பவளங்களைக் கண்டு மயங்கி, அவற்றைப் பெரிய கடற்பஞ்சில் ஊசி நூலால் தைத்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீருக்குக் காற்று வேண்டுமே? ஒரு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலருகே நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, நாம் காப்பி ஆற்றுகிற மாதிரி, அரை மணி முக்கால் மணி நேரம் ஆற்றிக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷம் கடற்பாசியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார் தின். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. தண்ணீர் ஆற்றிய பெண்ணின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடின்பரோ 'பாட்டி'யின் கதை. ஜான் டாலியல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1828-ல் நார்த் பெரிக் கரையில் ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி, முதுகெலும்பு கிடையாது. டாலியல் 1851-ல் காலமானார். பாட்டி சாகவில்லை! ஜாடி கைமாறிக் கைமாறிக் கடைசியில் எடின்பரோ தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பார்க்க வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு புத்தகமே வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கில் குட்டி போட்டு, 1887-ல்தான் இறந்தது. 59 வருஷம் ஜாடி வாசம். தீனி என்ன தெரியுமா? பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அரை மட்டிச் சதை. அப்புறம் தண்ணீரை மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இந்த மோகம் இங்கிலாந்தையே ஆட்டியது. 1845-ல் கண்ணாடி வரியை எடுத்துவிட்டதால் கண்ணாடி மலிந்தது. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் மீன் தொட்டி பற்றிப் புத்தகம் போட்டார். ஜனங்கள் கூடையும் ஜாடியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிப் பாறைக் குட்டைகளை வழித்தெடுத்தார்கள். பின்னாளில் அவருடைய மகனே, அப்பா எழுதிய புத்தகங்களால்தான் அந்தக் கரைகள் பாழாயின என்று மனம் வருந்தி எழுதினார்.

வளர்க்கக் கொண்டுபோனது வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கம்பெனி அதிகாரியும் நத்தை நிபுணருமான பென்சன் 1847-ல் மொரீஷியசிலிருந்து ராட்சத ஆப்பிரிக்க நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. அவற்றைத் தின்று கட்டுப்படுத்த அங்கே ஒன்றும் இல்லை. 1900-ஐ ஒட்டி இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று மழை பெய்தால் நம் தோட்டச் சுவரில் கையளவு ஊர்கிறதே, அதே ஜாதிதான். வாழை, பப்பாளி, கீரை எதையும் விடாது.

அதனால் தொட்டி நத்தையைச் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். செம்பு கலந்த மருந்தும் இனி வேண்டாம். அது நத்தையைக் கொல்கிற மாதிரியே இறாலையும் கொல்லும், செத்த நத்தைகள் ஒரே நாளில் அழுகித் தண்ணீரை விஷமாக்கும். இப்போது தீனி ஒரு வேளைதான், இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு. ராத்திரி லேசாக வேகவைத்த முட்டைக்கோஸ் இலை ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவைக்கிறேன். காலையில் நத்தைகள் கும்பலாக அதில் உட்கார்ந்திருக்கும். இலையோடு எடுத்துவிடுவேன். புதுச் செடி வந்தால் தனி வாளியில் சில வாரம் வைத்து, இலையடியில் கூழ் தெரிகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம்.

ஒன்றரை மாதமாயிற்று. கண்ணாடியில் தேடித்தான் நத்தையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மூன்று மட்டும் இருக்கட்டும் தாத்தா, பாசி தின்ன ஆள் வேண்டாமா என்கிறாள்.