நான்காவது மாதம்: ஜப்பானியக் காப்பீடும் திரும்பி வரும் கட்டியும்

டோக்கியோவில் ஒரே அளவு சம்பளம் வாங்கும் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்குச் சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் கட்டி. எடுத்த இடத்திலேயே மறுபடி முளைப்பதற்குப் பேர்போன நோய் அது. ஆண்டுக்கு மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்து, கருவி நுழைத்துச் சுரண்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். மற்றவர், அடங்கியிருக்கும் கட்டி மீண்டும் தலைதூக்காமலிருக்க விலையுயர்ந்த மாத்திரையை நாள்தோறும் விழுங்குபவர். மூன்று மாத மாத்திரையை ஒரே சீட்டில் வாங்குகிறார். ஆண்டுக்கு நான்கு முறை. முதல் ஆண்டு கழிந்த பிறகு, 2025-ஆம் ஆண்டு விதிப்படி, நான்கு முறை செல்பவர் கையிலிருந்து கொடுப்பது ஆண்டுக்கு 1,77,600 யென். மூன்று முறை செல்பவருக்கோ குறைந்தது 2,40,300 யென்.

குறைவாகப் போகிறவருக்குக் கூடுதல் செலவு. இது பிழையன்று, விதியே அப்படித்தான்.

ஜப்பானில் 1961 முதல் எல்லோரும் ஏதாவது ஒரு பொதுக் காப்பீட்டில் இருந்தாக வேண்டும். எழுபது வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைச் செலவில் முப்பது விழுக்காட்டைத் தாங்களே கட்டுகிறார்கள். புற்றுநோய்க்கு அந்த முப்பதே ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் என்பதால் 1973-இல் பெருஞ்செலவு உதவித் திட்டம் வந்தது. நம்மூர்க் காப்பீட்டில் உச்சவரம்பு என்றால் காப்பீட்டு நிறுவனம் தரும் தொகைக்கு எல்லை. அங்கே நோயாளி தரும் தொகைக்கு எல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஆண்டு வருமானம் ஏறத்தாழ 37 லட்சம் யென்னிலிருந்து 77 லட்சம் யென் வரை உள்ளவருக்கு 2025 நிலவரப்படி மாத எல்லை 80,100 யென். மொத்தச் செலவு 2,67,000 யென்னைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் ஒரு விழுக்காடு கூடும். பத்து லட்சம் யென் செலவான மாதத்தில் அவர் கட்டுவது 87,430 யென். 1984-இல் இன்னொரு சலுகை சேர்ந்தது: பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை எல்லையைத் தொட்டவருக்கு நான்காவது முறையிலிருந்து எல்லை 44,400 யென்னாகக் குறையும். திரும்பி வரும் நோயைச் சட்டம் இந்த ‘நான்காவது முறை’ வழியாகத்தான் அடையாளம் காண்கிறது. விடாமல் தொடரும் நோயை அது நன்றாகக் காண்கிறது. விட்டு விட்டு வரும் நோய் ஒவ்வொரு தடவையும் அதன் கண்ணுக்குப் புதிய நோய்.

மருந்து விலைதான் பிரச்சினை என்று வாதிடுவோர் உண்டு. நிவோலுமாப் கதையை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஹோன்ஜோ தசுகுவுக்கு 2018-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்விலிருந்து பிறந்த மருந்து; 2014-இல் ஜப்பானில் அனுமதி பெற்றபோது நூறு மில்லிகிராம் ஏறத்தாழ 7,30,000 யென். ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி யென் ஆகும் என்ற கணக்கு நாட்டையே உலுக்கியது. 2017 பிப்ரவரியில் விலையை அரசு பாதியாக்கியது. காப்பீட்டு நிதிக்கு அது பெரிய நிம்மதி. நோயாளிக்கு? மாதச் செலவு 29 லட்சமாக இருந்தபோது அவர் கட்டியது ஒரு லட்சத்துச் சொச்சம். பாதியான பின் 92,000 அளவில். நான்காவது மாதத்திலிருந்து இரண்டு நிலையிலும் அதே 44,400 யென்தான். ஆக, நோயாளியின் பணப்பையைத் தீர்மானிப்பது விலைப்பட்டியலைவிட நாட்காட்டி.

அந்த நாட்காட்டி கறாரானது. கணக்கு முதல் தேதியில் தொடங்கிக் கடைசித் தேதியில் முடிகிறது. மாதக் கடைசியில் சேர்ந்து அடுத்த மாதத் தொடக்கத்தில் வீடு திரும்புகிறவருக்கு ஒரே அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு எல்லைகள் வரலாம். அவசரமில்லாத சிகிச்சையை ஒன்றாம் தேதியை ஒட்டி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதைப் பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தனியறை வாடகை, உணவு, பயணம் ஆகியவை எல்லைக்குள் வருவதே இல்லை. பெருஞ்செலவு உதவித் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, 1974-இல், ஓர் அமெரிக்க நிறுவனம் அங்கே தனியார் புற்றுநோய்க் காப்பீட்டை விற்கத் தொடங்கியதும், அது நன்றாக விற்றதும் வியப்பில்லை.

வேறு விதமாகவும் எண்ண முடியும் என்பதற்கு அதே நாட்டில் சான்று இருக்கிறது. நோயால் வேலைக்குப் போக முடியாத ஊழியருக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒன்றரை ஆண்டு வரை தரும் உதவித்தொகை ஒன்று உண்டு. முன்பெல்லாம் முதல் தொகை கிடைத்த நாளிலிருந்து ஒன்றரை ஆண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் குணமாகி வேலைக்குத் திரும்பிய மாதங்களும் அதில் கரைந்துவிடும். கட்டி மறுபடி வரும்போது கெடு முடிந்திருக்கும். 2022 ஜனவரி முதல், உதவி பெற்ற நாட்களை மட்டும் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். விட்டு விட்டு வரும் நோயைச் சட்டம் முதன்முறையாக ஒரே நோயாகப் பார்த்த இடம் இது என்பேன்.

செலவு எல்லையில் அந்தப் பார்வை வரவில்லை. 2024 டிசம்பரில் அரசு மாத எல்லைகளைப் படிப்படியாக உயர்த்த முடிவெடுத்தது. முதல் உயர்வு 2025 ஆகஸ்டில் என்றது. புற்றுநோயாளர் அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு அவசரமாகக் கருத்துக் கேட்டபோது மூன்றே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பிப்ரவரியில் அரசு ஒரு படி இறங்கி, நான்காவது முறைக்கான எல்லையைத் தொடமாட்டோம் என்றது. நோயாளிகள் ஏற்கவில்லை. அவர்கள் கணக்கு நுட்பமானது: மாத எல்லை உயர்ந்தால், இதுவரை அதைத் தொட்டுக்கொண்டிருந்த பலரின் செலவு அதற்குக் கீழே நின்றுவிடும், தொடாத மாதம் கணக்கில் ஏறாது, நான்காவது முறை வரவே வராது. சலுகையின் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வாசலை மட்டும் உயர்த்துவது அது. 2025 மார்ச் 7 அன்று பிரதமர் இஷிபா ஷிகெரு உயர்வை நிறுத்திவைத்தார்.

நோயாளியின் குரல் சட்டத்தை அசைப்பது அங்கே புதிதன்று. 2006 மே மாதம் மேலவை உறுப்பினர் யாமாமோட்டோ தகாஷி தமக்குப் புற்றுநோய் என்று அவையில் நின்று அறிவித்தார். அடுத்த மாதமே புற்றுநோய்க் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டம் நிறைவேறியது. 2007 டிசம்பரில் அவர் இறந்தார்.

எல்லை உயர்வை நிறுத்திவைத்தது பழைய கணக்கை மாற்றவில்லை. மூன்று முறை எல்லையைத் தொட்ட நோயாளி, உடம்பு தாங்காமல் வேலையை விட்டால், நிறுவனக் காப்பீட்டிலிருந்து உள்ளாட்சி நடத்தும் காப்பீட்டுக்கு மாறுகிறார். கட்டி அதேதான், மருத்துவமனையும் அதேதான். காப்பீட்டாளர் மாறிவிட்டதால் அவருடைய எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.